மறு: ‘சைக்கிக் இன்டியூஷன்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

எந்தப் புலனின் உதவியும் இல்லாமல் ஒன்றை அறிவதாகச் சொல்லப்படும் திறனே சைக்கிக் இன்டியூஷன். நம் சொற்பட்டியலுக்கு அதன் தமிழ்ப் பெயரைத் தேடும் இழை நீண்டுவிட்டதால் எல்லா மடல்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

> ‘உள்ளுணர்வு’ என்ற நல்ல சொல் இருக்கும்போது புதிதாக எதற்கு?

அந்தச் சொல் ஏற்கெனவே நிறைய வேலை பார்க்கிறது ஐயா. உளவியலில் இன்டியூஷனுக்கு அதுதான். பேச்சில் மனச்சாட்சிக்கும் அதையே சொல்கிறோம். இயல்பூக்கம் (இன்ஸ்டிங்க்ட்) என்று சொல்ல வேண்டிய இடத்திலும் சிலர் அதையே போடுகிறார்கள். நெடுங்காலம் சதுரங்கம் ஆடியவர் பலகையைப் பார்த்த மாத்திரத்தில் சரியான காயில் கை வைக்கிறாரே, அதை அறிதலை ஆராய்ந்த ஹெர்பர்ட் சைமன் நினைவின் வேலை என்றார்: பழகிய அமைப்பை மனம் அடையாளம் கண்டுகொள்கிறது, அவ்வளவுதான். உளவியலாளர்கள் டேனியல் கானமனும் கேரி கிளைனும் 2009-ல் சேர்ந்து எழுதிய கட்டுரை இன்னும் கறார். சூழலில் ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும், அதைப் பழகிக்கொள்ளப் போதிய பயிற்சியும் பின்னூட்டமும் கிடைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த உள்ளுணர்வை நம்பாதே என்கிறார்கள்.

சைக்கிக் இன்டியூஷன் என்று ஒட்டிய உறைக்குள் என்ன படம் இருக்கிறது என்று சொல்லிப் பழகுகிறவரின் கதை வேறு. எந்தப் புலன் வழியாகவும் தகவல் வரக்கூடாது என்பதே அங்கே நிபந்தனை. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால், முதலாவதற்கு இருக்கும் சான்று இரண்டாவதற்கும் இருப்பதாகப் படிப்பவருக்குத் தோன்றும். ஆகவே பின்னதற்குப் ‘புலன்கடந்த உள்ளுணர்வு’. நீளம்தான், ஆனால் குழப்பம் இல்லை.

> ஞானதிருஷ்டி, குறிப்பறிதல் இரண்டையும் பரிசீலிக்கலாமே?

ஞானதிருஷ்டி வேண்டாம். அந்த ஆற்றல் உண்டு என்று சொல்லே ஒப்புக்கொண்டுவிடுகிறது. கலைச்சொல் அதைச் செய்யக்கூடாது. குறிப்பறிதல் அழகான சொல், வள்ளுவர் 71, 110 என இரண்டு அதிகாரங்களுக்கு அந்தப் பெயரையே வைத்திருக்கிறார். ஆனால் ‘கடுத்தது காட்டும் முகம்’ என்கிறாரே, அங்கே முகம் என்ற சான்று கண்ணெதிரே இருக்கிறது. குளம்பைத் தட்டிக் கணக்குக்கு விடை சொல்வதாகப் பேர் வாங்கிய ஹான்ஸ் என்ற ஜெர்மன் குதிரையை உளவியலாளர் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் 1907-ல் ஆராய்ந்தபோது, கேள்வி கேட்பவரின் தலையசைவைப் பார்த்தே அது குளம்படிப்பை நிறுத்துகிறது என்று தெரிந்தது. சுத்தமான குறிப்பறிதல்! சைக்கிக் சோதனையில் முதலில் அடைக்க வேண்டிய ஓட்டையே அதுதான். படத்தை உறையில் வைத்தவர் பக்கத்தில் உட்காரக்கூடாது என்பதும் அதனால்தான்.

(‘பட்சி சொல்லுது’ என்பதைப் பரிந்துரைத்த நண்பருக்கு என் ஓட்டு. சொற்பட்டியலில்தான் ஏற மாட்டேன் என்கிறது.)

இனி, நான் எழுத வந்த விஷயம். தனியாகப் பழகுகிறவருக்கு அந்தப் பெரிய தலைப்பைவிட அவசரமாகத் தேவைப்படுபவை இரண்டு சிறிய சொற்கள். ஒரு தாளை எடுக்கிறார், கண்ணை மூடுகிறார், தோன்றியதை எழுதுகிறார்: ‘வளைவு. வழுவழுப்பு. மேலிருந்து கீழே.’ அடுத்த நொடியே மனம் முந்திக்கொண்டு ‘அருவி!’ என்கிறது. அதற்குப் பிறகு எழுதுவதெல்லாம் அருவிக்கு ஒத்துப்போகிறது: ஈரம், இரைச்சல், பாறை. உறையைப் பிரித்தால் சறுக்குமரம். முதல் மூன்றும் சரி, மற்றதெல்லாம் மனம் கட்டிய கதை.

தொலைவிலோ மறைவிலோ இருப்பதை மனதால் காண முயலும் தொலைநோக்கல் (ரிமோட் வியூயிங்) பயிற்சியில், அதை உருவாக்கியவர்களில் ஒருவரான இங்கோ ஸ்வான் மனம் கட்டும் இந்தக் கதைக்கு ‘அனலிட்டிக்கல் ஓவர்லே’ என்று பெயர் கொடுத்தார். அப்படி ஒன்று முளைத்ததும் தாளின் வலப்பக்கம் ஒதுக்கி எழுதிவிட்டு, பேனாவைக் கீழே வைத்து, மறுபடி தொடங்க வேண்டும் என்பது அங்கே விதி. ‘பகுப்பாய்வு மேலடுக்கு’ என்று ஒரு வலைப்பக்கத்தில் பார்த்தேன். கட்டடப் பொறியாளர் அறிக்கை மாதிரி இருக்கிறது. என் பரிந்துரை: முதலில் வருவது ‘உதிப்பு’, அதன்மேல் மனம் ஏற்றுவது ‘ஊகப்பூச்சு’. மனதில் உதித்தது என்று எல்லோருமே சொல்கிறோம். ‘மூன்று உதிப்புகள், பிறகு பூச்சு ஏறிவிட்டது’ என்று குறிப்பேட்டில் எழுதிப் பார்த்தேன், கை தடுக்கவில்லை. ‘படுகை’, ‘தோன்றல்’ இரண்டையும் யோசித்தேன். முன்னது ஆற்றுக்குப் போய்விடுகிறது, பின்னது அரச குடும்பத்துக்கு.

> ஊகம் சரியாக அமைவதை ‘ஹிட்’ என்கிறார்களே, அதற்குப் பலிப்பு?

இதில் உடன்பாடில்லை. வாக்குப் பலித்தது, கனவு பலித்தது என்னும்போது ஆற்றல் நிரூபணமான தொனி வந்துவிடுகிறது. ‘பொருத்தம்’ போதும். டியூக் பல்கலைக்கழகத்தில் இத்தகைய திறன்களை ஆராய்ந்த ஜே. பி. ரைன் ஊகச் சோதனைகளில் பயன்படுத்திய ஸீனர் அட்டைகளையே எடுத்துக்கொள்வோம்: 5 வடிவங்கள், வடிவத்துக்கு 5 என 25 அட்டைகள். கண்ணை மூடிக்கொண்டு உளறினாலும் சராசரியாக 5 பொருந்தும். ஒரு சுற்றில் 9 அல்லது அதற்கு மேல் வருவது தற்செயலாகவே ஏறக்குறைய 20 சுற்றுக்கு ஒருமுறை நடக்கும். அந்த ஒரு நாளைப் ‘பலித்த நாள்’ என்று எழுதிவைத்தால் மிச்ச நாட்கள் மறந்தே போகும். இன்னொரு பொறியும் உண்டு. ஒவ்வொரு அட்டையையும் ஊகித்த கையோடு திருப்பிப் பார்த்தால், போனவை எவை என்ற கணக்கிலேயே மதிப்பெண் ஏறும். கவனமாக எண்ணுகிறவர் சராசரி 8-ஐத் தாண்டிவிடலாம். ஒவ்வொரு ஊகத்துக்குப் பிறகும் அட்டையைத் திரும்பச் செருகிக் கலைத்தால் இந்த வழி அடைபடும்.

படத்துக்கும் இதே கதிதான். ‘வளைவு’ எதற்குத்தான் பொருந்தாது? அதனால் உறையில் இருந்த இலக்குப் படத்தோடு வேறு மூன்று படங்களைக் கலந்து, எது இலக்கு என்று தெரியாத ஒருவரிடம் கொடுத்து, எழுதிய குறிப்போடு பொருத்தச் சொல்கிறார்கள்; தற்செயல் நாலில் ஒன்று. அந்த மூன்றுக்கும் ‘திசைதிருப்புப் படம்’ என்று வைத்திருக்கிறேன், மனதுக்கு நிறைவில்லை.

– – –

மறு: மறு:

அண்ணா, உதிப்பு சரி. ஊகப்பூச்சும் சரி. ஆனால் ‘புலன்கடந்த’ என்பதும் தீர்ப்புதானே? கடந்தது என்று யார் முடிவு செய்தது? அமெரிக்க அரசு நடத்திவந்த தொலைநோக்கல் திட்டத்தையே அதன் உளவுத்துறை 1995-ல் பயனில்லை என்று மூடிவிட்டது. ‘புலன்சாரா’ என்றால் சோதனையின் நிபந்தனையை மட்டும் சொன்னதாகும். அந்த மூன்று படங்களுக்கு ‘மாற்றுப் படம்’ போதும் என்று தோன்றுகிறது.

– – –

மறு: மறு: மறு:

‘புலன்சாரா உள்ளுணர்வு’, ஏற்கிறேன் தம்பி. ஞானதிருஷ்டியிடம் கண்ட குறை என் சொல்லிலேயே இருந்திருக்கிறது. மாற்றுப் படமும் நல்லது. உதிப்பு, ஊகப்பூச்சு, பொருத்தம், இலக்கு இவற்றோடு சேர்த்துப் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். ‘தொலைநோக்கல்’ மட்டும் தொலைநோக்கிக்கு அருகில் போய் நிற்கிறது. அதற்குத் தனி இழை தொடங்குங்கள்.