ஞாயிற்றுக்கிழமை அப்பாவை எங்கே அழைத்துப் போகலாம்?

அனைவருக்கும் வணக்கம். அண்ணா நகரில் எங்களுடன் இருக்கும் அப்பாவுக்கு 74 வயது. இளவயதில் ஞாயிற்றுக்கிழமை அவரை வீட்டில் பார்க்கவே முடியாது. சென்ட்ரல் பக்கத்து மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகங்களைக் கிளறிக்கொண்டிருப்பார். 1985இல் அது தீக்கிரையானதை இன்றும் சொந்த வீடு எரிந்ததுபோலத்தான் சொல்வார். நாங்கள் வளர்ந்த நாட்களில் மெரினா, சுண்டல், ராட்டினம்.

அம்மா போய்விட்டார். முழங்கால் வலியும் சேர்ந்துகொண்டது. இப்போது சனி, ஞாயிறு முழுவதும் பால்கனி நாற்காலியிலேயே கழிகிறது. வார நாட்களிலாவது பேத்தியைப் பள்ளி வேனில் ஏற்றிவிடும் வேலை இருக்கிறது. நாங்கள் எல்லோரும் வீட்டில் இருக்கும் விடுமுறை நாளில்தான் அவருடைய தனிமை கண்ணில் அறைகிறது.

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு அழைத்துப்போக நினைக்கிறேன். ஞாயிறு காலையில் அங்கே கூட்டம் எப்படி இருக்கும்? முதுகு சாய்த்து உட்கார நல்ல நாற்காலி கிடைக்குமா? 60 வயதைக் கடந்தவர்களுக்கு மாநகரப் பேருந்தில் மாதம் 10 முறை இலவசமாகப் போகத் தரும் டோக்கன்கள் பீரோவில் அப்படியே கிடக்கின்றன. அந்த வழியில் தாழ்தளப் பேருந்து ஓடுகிறதா? உயரமான படி அவரால் ஏற முடியாது.

கீழ்ப்பாக்கம், அண்ணா நகர் பக்கம் புத்தகம் பேசும் பெரியவர்கள் வாரம் ஒருமுறை கூடும் இடம் தெரிந்தாலும் சொல்லுங்கள். முதியோர் சங்கம் என்ற பெயர்ப்பலகை மட்டும் வேண்டாம், வாசலிலேயே திரும்பிவிடுவார்.