புதுப்பிப்பு: கணைக்கால் வலியும் அரை மராத்தான் ஆசையும்

ஓட ஆரம்பித்தாலே கணைக்கால் எலும்பின் உட்புறம் வலிக்கிறது, அரை மராத்தானை விட்டுவிடலாமா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். பலரும் சொன்னபடி ஓட்டத்தை நிறுத்தி, சைக்கிளோடு நாள்களைக் கடத்தியதில் வலி தணிந்துவிட்டது. எலும்பை விரலால் அழுத்திப் பார்த்த இயன்முறை மருத்துவர், ஒரே புள்ளியில் சுருக்கென்று குத்தாமல் நீளவாக்கில் பரவலாக வலிப்பதால் விரிசலாக இருக்க வாய்ப்பு குறைவு என்றார். படிக்கட்டு விளிம்பில் நின்று குதிகாலை மெல்ல ஏற்றி இறக்கும் பயிற்சியையும் கொடுத்திருக்கிறார். பார்க்க அற்பமாகத் தெரிந்தாலும் ஆடுசதை நடுங்கிவிடுகிறது. இப்போது பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் வெயில் ஏறுமுன், பேசினால் மூச்சு வாங்காத வேகத்தில், ஓட்டமும் நடையுமாக 5 கி.மீ. போகிறேன். ஜனவரி மாதச் சென்னை மராத்தானில் 21.1 கி.மீ.க்குப் பதிலாக 10 கி.மீ. பிரிவில்தான் பெயர் கொடுத்திருக்கிறேன், சற்றே மனக்குறையுடன்.