மொரித்தூரி: இலத்தீன் எதிர்கால எச்சம் பற்றி ஓர் ஐயம்

கேள்வி:
‘மொரித்தூரி தே சலூத்தந்த்’ (சாகப்போகிறவர்கள் உம்மை வணங்குகிறார்கள்) என்னும் தொடரில் ‘மொரித்தூரி’ பெயரா, வினையா? ‘மோரியோர்’ (சாகிறேன்) என்னும் வினையின் இறந்தகால எச்சம் ‘மோர்த்துவுஸ்’ ஆயிற்றே. நடுவில் ‘இ’ எப்படி நுழைந்தது? ஒரு பெண் மட்டும் சொன்னால் வடிவம் மாறுமா?

பதில் 1:
இது எதிர்காலச் செய்வினை எச்சம். ‘ஸ்கிரீப்துஸ்’ (எழுதப்பட்ட) என்பதிலிருந்து ‘ஸ்கிரிப்தூருஸ்’ வருவதுபோலப் பொதுவாக இறந்தகால எச்சத்தின் அடியோடு ‘ஊருஸ்’ சேரும். சில வினைகள் இவ்விதிக்கு அடங்காமல் ‘இ’ ஏற்கின்றன. ‘ஓர்துஸ்’ (எழுந்த) என்பதற்கு ‘ஒரித்தூருஸ்’ வருவதும் இவ்வாறே. நம் பெயரெச்சம் பால், எண் காட்டாது. இலத்தீன் எச்சமோ பால், எண், வேற்றுமை மூன்றையும் காட்டும். பெண் ஒருத்தி எனில் ‘மொரித்தூரா’. ரோமக் கவிஞர் வெர்கிலின் காவியத்தில் தீதோ அரசிக்கு வரும் சொல் அதுவே. மற்றொரு ரோமக் கவிஞர் ஹொராஸ் தம் நண்பர் தெல்லியுஸை விளிக்கும்போது ‘மொரித்தூரே’ என்கிறார். உங்கள் தொடரில் பெயர்ச்சொல் வேறு இல்லாததால், எச்சமே வினையாலணையும் பெயர்போல நின்று எழுவாயாகிறது.

கேட்டவர்:
நன்றி ஐயா. அப்படியானால் இவ்வடிவம் சாவு உறுதி என்கிறதா, நெருங்கிவிட்டது என்று மட்டும் சொல்கிறதா?

பதில் 2:
நெருக்கம், நோக்கம், விதி ஆகிய மூன்றையும் அது சுட்டலாம். எது என்பதை இடமே முடிவு செய்யும். இத்தொடர் வாள்வீரர்களின் வழக்கமான வணக்கம் என்பதற்குச் சான்று இல்லை. கி.பி. 52இல் இத்தாலியின் ஃபூசினுஸ் ஏரியில் ரோமப் பேரரசர் கிளாவுதியுஸ் நடத்திய கடற்போர்க் காட்சியில், போரிட நிறுத்தப்பட்ட குற்றவாளிகள் சொன்னதாக ரோம வரலாற்றாசிரியர் சுவெத்தோனியுஸ் எழுதுகிறார். பேரரசர் ‘அவுத் நோன்’, அதாவது ‘அல்லது இல்லை’ (சாகாமலும் போகலாம்) என்று மறுமொழி சொல்ல, அதையே மன்னிப்பாகக் கொண்டு அவர்கள் போரிட மறுத்துவிட்டார்கள். அவர் இருக்கையிலிருந்து குதித்து, ஏரிக்கரையில் தள்ளாடி ஓடி, மிரட்டியும் கெஞ்சியும் அவர்களைப் போரில் இறக்க வேண்டியதாயிற்று. எச்சம் உறுதியையே குறித்திருந்தால் அந்த நகைச்சுவைக்கு இடமே இருந்திராது என்பது என் கருத்து. பலத்த காயங்களுக்குப் பின் எஞ்சியோர் கொல்லப்படாமல் விடப்பட்டார்கள் என்கிறார் மற்றொரு வரலாற்றாசிரியர் தாசித்துஸ்.

பதில் 3:
ஒரு சிறு சேர்க்கை: சிலர் ‘சலூத்தாமுஸ்’ (வணங்குகிறோம்) என்றும் எழுதுகிறார்கள். எச்சம் தன்மை, படர்க்கை வேறுபாட்டைக் காட்டாததால், முற்றுவினை மாறினாலும் ‘மொரித்தூரி’ அப்படியே நிற்கும்.