மெட்ரோ தடுப்புகள்: வேலை நடக்காத இடத்தில் சாலையைத் திருப்பித் தரலாமே?

ஓஎம்ஆர்வாசி:
சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டம் சுமார் 119 கி.மீ., மூன்று வழித்தடங்கள். வேலை நடக்கட்டும், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தகரத் தடுப்புக்குள் எட்டிப் பார்த்தால் பல இடங்களில் ஆளே இல்லை. துருப்பிடித்த கம்பிக்கட்டு, ஒரு ஜெனரேட்டர், நடுவில் முளைத்த ஆமணக்குச் செடி. இதற்காகவா இரண்டு லேன்?
லண்டனில் 2012 முதல் ஒரு முறை இருக்கிறது. நெரிசல் நேரத்தில் முக்கியச் சாலையை அடைத்து வேலை செய்தால் ஒரு நாளைக்கு 2,500 பவுண்டு வரை வாடகை. கூட்டமில்லாத நேரத்தில் செய்தால் கட்டணமே இல்லாமல் போகலாம். இங்கேயும் சாலைக்கு வாடகை போடுங்கள், தடுப்புகள் தானாகச் சுருங்கும்.

சைட்_இன்ஜினியர்:
சார், லண்டன் முறை பெரும்பாலும் குழாய், கேபிள் பதிக்கச் சில நாள் பள்ளம் தோண்டுகிறவர்களுக்கானது. வருடக்கணக்கில் நடக்கும் ஸ்டேஷன் வேலைக்கு அதைப் போட்டால், ஒப்பந்ததாரர் அந்த வாடகையையும் டெண்டர் விலையில் ஏற்றிவிடுவார். கடைசியில் உங்கள் வரிப்பணம்தான்.
ஆள் இல்லை என்றால் வேலை இல்லை என்று அர்த்தமும் இல்லை. கான்கிரீட் இறுக வேண்டும், கழிவுநீர்க் குழாயை மாற்ற வேறொரு துறை வர வேண்டும், அவர்கள் வந்த பிறகு மின் கேபிள். 2025 ஜூனில் மணப்பாக்கம் அருகே மெட்ரோ பாலத்தின் கர்டர் (கான்கிரீட் உத்தரம்) சரிந்து பைக்கில் போனவர் இறந்ததை மறந்துவிட்டீர்களா? இடம் குறைந்தால் முதலில் அடிபடுவது பாதுகாப்பு.

லஸ்_கடைக்காரர்:
இரண்டு பேரும் லேன் கணக்கு போடுகிறீர்கள். மயிலாப்பூரில் இரண்டு வழித்தடங்கள் சந்திக்கும் நிலையம், சுமார் 35 மீட்டர் ஆழம் என்கிறார்கள். அதற்காக எங்கள் பக்கம் ஒருவழி, சுற்றுவழி எல்லாம் வந்தாயிற்று. வண்டி எப்படியோ சுற்றிப் போய்விடும். வாடிக்கையாளர் சுற்றி வரமாட்டார், வேறு கடைக்குப் போய்விடுவார். முதல் கட்டத்தில் அண்ணா சாலையின் ஒரு பகுதியை ஒருவழி ஆக்கியது எத்தனை வருடம் நீண்டது என்று அங்கே கடை வைத்திருந்தவர்களைக் கேளுங்கள்.

ஓஎம்ஆர்வாசி:
@சைட்_இன்ஜினியர் மணப்பாக்கம் விபத்து என் கட்சிக்குத்தான் சாட்சி. தலைக்கு மேல் ஆபத்து இருக்கும்போது இரவு 11 முதல் 5 வரை சாலையை முழுசாக மூடுங்கள். கீழே ஈ காக்கை இருக்கக்கூடாது. பகலில் திறந்துவிடுங்கள். இப்போது நடப்பது தலைகீழ்: கீழே மாதக்கணக்கில் அடைப்பு, மேலே கர்டர் நிற்கும்போது பக்கத்திலேயே போக்குவரத்து.
அப்புறம், சாலை விதிமுறைகளை வகுக்கும் ஐ.ஆர்.சி.யின் (இந்திய சாலைகள் காங்கிரஸ்) எஸ்பி-55 கையேடு (2014) வேலைப் பகுதியை நான்காகப் பிரிக்கிறது: முன்னெச்சரிக்கை, சாலை மெல்லக் குறுகும் பகுதி, வேலை நடக்கும் இடம், மறுபடி விரியும் பகுதி. நம் ஊரில் முதல் இரண்டையும் காணோம். 'மெதுவாகச் செல்லவும்' போர்டு தடுப்பின் மீதே தொங்குகிறது. அதைப் படிக்கிற தூரத்தில் பிரேக் அடித்து என்ன பயன்?

சைட்_இன்ஜினியர்:
போர்டு விஷயத்தில் வாதாட மாட்டேன். ஆனால் கூம்பு வைத்தால் காலையில் பாதி இருக்காது, அதையும் சொல்லுங்கள்.
இரவு மூடல் எழுத்தில் சுலபம். மணப்பாக்கத்தில் கர்டர் தூக்கும்போது விழவில்லை, ஏற்றி வைத்த பிறகு சரிந்தது. அப்படியென்றால் எத்தனை இரவு மூடுவீர்கள்? பகலில் கனரக வாகனத்துக்குக் கட்டுப்பாடு இருப்பதால் டிரெய்லர், மண் லாரி, கான்கிரீட் வண்டி எல்லாமே அந்த ஆறு மணி நேரத்துக்குள் வந்து போக வேண்டும். சுரங்க நிலையத்தின் பக்கச் சுவருக்குக் குழியில் மண் சரியாமல் தாங்கும் பெண்டோனைட் களிமண் குழம்பை நிரப்பிவிட்டுக் கான்கிரீட் ஊற்றத் தொடங்கினால் நடுவில் நிறுத்த முடியாது. வண்டி எங்கேயாவது மாட்டிக்கொண்டால் அந்தப் பகுதியே பாழ். இரவில் வேலை செய்தால் சத்தம் என்று பக்கத்துத் தெருவிலிருந்து புகார் வேறு.

நடந்தே_போகிறவள்:
இவ்வளவு நேரம் படித்தேன். 'நடைபாதை' என்ற சொல்லை ஒருவரும் எழுதவில்லை.
தடுப்பு சாயாமல் இருக்க அடியில் கான்கிரீட் கட்டை வைக்கிறார்கள். அது வெளிப்பக்கம் ஓரடி நீட்டிக்கொண்டு நிற்கிறது. ஒரு பக்கம் பஸ், ஒரு பக்கம் தகரம், காலடியில் அந்தக் கட்டை, மழை பெய்தால் அதுவும் தண்ணீருக்குள். கையில் குழந்தையோடு போய்ப் பாருங்கள். பஸ் நிறுத்தத்தை எங்கே மாற்றினார்கள் என்று ஒரு காகிதம்கூட ஒட்டுவதில்லை, பூக்காரம்மாதான் தகவல் மையம்.

லஸ்_கடைக்காரர்:
சரியாகச் சொன்னீங்கம்மா. நடக்க ஆறடி கொடுத்தால் எனக்குப் பாதி வியாபாரம் திரும்பிவிடும். அதற்கு லேன் வாடகையும் வேண்டாம், இரவு மூடலும் வேண்டாம்.

ஓஎம்ஆர்வாசி:
சரி, வாடகையை விடுங்கள். அடுத்த 30 நாளில் வேலை இல்லாத நீளத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று விதி வையுங்கள். முதலில் நடைபாதை, பிறகு லேன். வடகிழக்குப் பருவமழைக்கு மாநகராட்சி புதிய சாலைவெட்டை நிறுத்துகிறதே, தடுப்புகளைக் கணக்கெடுக்க அதுவே நல்ல நேரம்.

சைட்_இன்ஜினியர்:
திருப்பிக் கொடுப்பது என்றால் தகரத்தைக் கழற்றுவது மட்டுமா? தோண்டி மூடிய மண் அமுங்கும், தார் போட வேண்டும். அதை யார் போடுவது? ஒரு சாலை மாநகராட்சியுடையது, இன்னொன்று நெடுஞ்சாலைத் துறை, ஓஎம்ஆருக்கு (பழைய மாமல்லபுரம் சாலை) தனி நிறுவனம். டிசம்பர் மழையில் நான் தடுப்பை எடுத்து, யாராவது பள்ளத்தில் விழுந்தால் எஃப்ஐஆரில் என் பெயர்தான் இருக்கும். அதனால்தான் எல்லா சைட்டிலும் 'இருந்துவிட்டுப் போகட்டும்' என்று விடுகிறார்கள்.

ஓஎம்ஆர்வாசி:
அப்படியானால் ஆமணக்குச் செடிக்கு நடுவே நிற்பது வேலைக்கான தடுப்பு இல்லை, உங்கள் எஃப்ஐஆர் பயத்துக்கான தடுப்பு. தார் போடும் பொறுப்பை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லிக் கேளுங்கள். நாங்களும் கேட்கிறோம்.

நடந்தே_போகிறவள்:
ஒப்பந்தம் திருத்தும்வரை அந்தக் கட்டையையாவது உள்பக்கம் திருப்பி வைக்கலாமா சார்? அதற்கு எந்தத் துறையின் கையெழுத்து வேண்டும்?