ஸ்போர்ட் பைக் டெஸ்ட் ரைடு போனதும் மணிக்கட்டு வலி. வண்டியை மாற்றணுமா, நான் பழகணுமா?

மழைமேகம்
அவசரமாக ஒரு சந்தேகம். சனிக்கிழமைக்குள் முன்பணம் கட்டச் சொல்கிறார்கள், விட்டால் இந்த நிறம் கிடைக்க ரொம்ப நாளாகுமாம். டெஸ்ட் ரைடு போய்விட்டு வந்தேன். வண்டி பிரமாதம், ஆனால் இறங்கியதும் இரண்டு மணிக்கட்டும் வலி, சுண்டுவிரல் மரத்துப்போன மாதிரி இருந்தது. சிக்னலில் கால் சரியாக ஊன்ற முடியவில்லை. வீட்டில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். அண்ணன் டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310 என்கிறார், அவருடைய நண்பர் கேடிஎம் ஆர்சி 390 என்கிறார், மாமா பையன் யமஹா ஆர்3-ஐத் தவிர எதையும் மதிப்பதே இல்லை. இந்த வகை வண்டி வைத்திருப்பவர்கள் எதைப் பார்த்து அதை எடுத்தீர்கள்? வலி போகப் போகப் பழகிவிடுமா?

நைட் ஷிப்ட்
எந்த வண்டியை ஓட்டினீர்கள்? அதையே சொல்லவில்லையே. உயரம் எவ்வளவு, எந்த ஊர், தினமும் ஓட்டவா ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டுமா, பட்ஜெட் எவ்வளவு? இதெல்லாம் தெரியாமல் யார் பதில் சொன்னாலும் குத்துமதிப்புதான்.

பழைய பிஸ்டன்
தம்பி, இதே கேள்வி இங்கே எத்தனையோ தடவை வந்தாச்சு. தேடிப் படித்துவிட்டுக் கேட்டிருக்கலாம். மணிக்கட்டு வலிக்கிறது என்றால் உடம்பு பாரம் முழுவதையும் ஹேண்டில்பாரில் போட்டு ஓட்டியிருக்கிறாய், அவ்வளவுதான். நாங்கள் எல்லாம் யமஹா ஆர்எக்ஸ் 100-ல் கிளட்ச் பழகி, 150 சிசிக்கு வந்து, அப்புறம்தான் பெரிய வண்டியைத் தொட்டோம். இப்போது கியர் போடத் தெரிந்த மறுநாளே 40 குதிரைசக்தி கேட்கிறார்கள். முதலில் ஒரு 160 எடுத்து நன்றாக ஓட்டு.

ரெட்டை சிலிண்டர்
மரத்துப்போவது முழுக்க அதிர்வால் வருவது. ஆர்ஆர், ஆர்சி இரண்டுமே ஒற்றை சிலிண்டர். அதிர்வைக் குறைக்கும் பேலன்சர் இருந்தாலும், எஞ்சின் வேகமாகச் சுற்றும் மேல் ஆர்பிஎம்மில் ஹேண்டில்பாரிலும் கால்மிதியிலும் ஒரு கிர்ர்ர் இருக்கத்தான் செய்யும். இரட்டை சிலிண்டர் எடுங்கள், பிரச்சினையே இல்லை. கவாஸாகி நின்ஜா 300 இருக்கிறது, 296 சிசி, 39 பிஎஸ் (குதிரைசக்தி மாதிரிதான்), டேங்க் 17 லிட்டர். ஆர்3 என்றால் 321 சிசி, 42 பிஎஸ், சீட் 780 மில்லிமீட்டர்தான். காசு இருந்தால் ஏப்ரிலியா ஆர்எஸ் 457, பாராமதியில் செய்கிறார்கள், 47 பிஎஸ்ஸுக்கு மேல். நான் ஒற்றையிலிருந்து இரட்டைக்கு மாறியதற்கு ஒரே காரணம், நெடுஞ்சாலையில் கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி கலங்காமல் தெரிய வேண்டும் என்பது.

நைட் ஷிப்ட்
@ரெட்டை சிலிண்டர் எல்லாவற்றுக்கும் அதிர்வு காரணமில்லை. சுண்டுவிரலுக்குப் போகும் நரம்பு உள்ளங்கையின் வெளி ஓரமாகப் போகிறது. அந்த ஓரத்தில் பாரம் இறங்கினால் சுண்டுவிரலும் பக்கத்து விரலும்தான் மரக்கும். நாலு சிலிண்டர் வண்டியில் அப்படி உட்கார்ந்தாலும் மரக்கும்.

ஓசூர் வண்டி
நான் ஆர்ஆர் 310 வைத்திருக்கிறேன், அதனால் இதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எடுத்ததற்கு முதல் காரணம் உட்காரும் விதம். ஹேண்டில்பார் முன் ஃபோர்க்கைப் பிடிக்கும் மேல் கிளாம்புக்கு மேலே இருக்கிறது, அதனால் பார்க்க ரேஸ் வண்டி மாதிரி இருந்தாலும் முதுகு அவ்வளவு மடங்காது. இரண்டாவது, எஞ்சினைப் பின்பக்கம் சாய்த்துத் திருப்பி வைத்திருக்கிறார்கள், காற்று முன்னாலிருந்து உள்ளே போகிறது, சைலன்சர் குழாய் பின்பக்கம் வெளியே வருகிறது. பாரம் முன்சக்கரத்தின் பக்கம் போவதால் வளைவில் வண்டி எங்கே திருப்பினாலும் அங்கே நிற்கிறது. 2024 செப்டம்பரில் வந்த மாடலில் 38 பிஎஸ், 29 நியூட்டன் மீட்டர் இழுவிசை (டார்க்), குவிக்‌ஷிஃப்டரும் (கிளட்ச் பிடிக்காமல் கியர் மாற்றுவது) கிடைக்கிறது. மூன்றாவது, எந்த ஊருக்குப் போனாலும் டீலர் இருக்கிறார். சங்ககிரியில் செயின் லூசானாலும் கவலையில்லை. எங்கள் ஊரில் செய்த வண்டி என்ற பெருமையும் சேர்த்துத்தான்.

கரூர் காத்து
"எங்கள் ஊர்" என்பது சரி, எஞ்சின் பிஎம்டபிள்யூ உடையதுதானே. அவர்களுடைய ஜி 310 ஆர் வண்டியின் எஞ்சினுக்குத்தான் இங்கே ஃபேரிங் (வெளி உறை) போட்டிருக்கிறார்கள்.

ஓசூர் வண்டி
@கரூர் காத்து அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது. 2013-இல் டிவிஎஸ்ஸும் பிஎம்டபிள்யூவும் 500 சிசிக்குக் கீழே சேர்ந்து வண்டி செய்ய ஒப்பந்தம் போட்டார்கள். அதிலிருந்து வந்தவைதான் இரண்டும். ஜி 310 ஆர்-ஐ 2015-இல் உலகத்துக்குக் காட்டினார்கள், ஆனால் இந்தியக் கடைக்கு அது வந்தது 2018 ஜூலையில். ஆர்ஆர் 310 அதற்கு முன்பே 2017 டிசம்பரில் வந்துவிட்டது. பிஎம்டபிள்யூ பெயர் போட்டு வெளிநாடு போன 310-களும் ஓசூர் தொழிற்சாலையிலிருந்தே போனவை. ஃபேரிங், ஓட்டும் மோட், டிஸ்ப்ளே எல்லாம் டிவிஎஸ் தனியாகச் செய்த வேலை.

கரூர் காத்து
செய்யும் இடம் வேறு, வடிவமைத்தவர் வேறு. 312 சிசி சிலிண்டரைத் திருப்பி வைக்கும் யோசனை பிஎம்டபிள்யூவின் ஊரான மியூனிக்கில் வந்தது என்றுதான் நான் படித்திருக்கிறேன்.

பழைய பிஸ்டன்
இருவருக்கும் எஞ்சின் பற்றிப் பேச இன்னும் அனுபவம் வேண்டும். அந்தக் காலத்தில் டிவிஎஸ்-சுசுகி வண்டிகளை யார் வடிவமைத்தார்கள் என்று போய்ப் படியுங்கள், அப்புறம் பேசலாம்.

நைட் ஷிப்ட்
கேட்டவரை விட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டோம். @மழைமேகம் இருக்கிறீர்களா?

மழைமேகம்
இருக்கிறேன், வேலையில் இருந்தேன். தம்பி இல்லை, தங்கச்சி. உயரம் 5 அடி 3 அங்குலம். ஓட்டிப் பார்த்தது ஆர்சி 390. ஊர் சேலம், வேலை கோயம்புத்தூர், வாரக் கடைசியில் இதில்தான் ஊருக்கு வந்துபோக நினைக்கிறேன், நேரம் கிடைத்தால் ஏற்காடு. ரோட்டுக்கு வரும்போது மூன்றரை லட்சத்துக்குள் முடியணும். இப்போது ஓட்டுவது கல்லூரிக் காலத்திலிருந்தே ஒரு 150 சிசி பைக்.

பழைய பிஸ்டன்
தங்கச்சி என்றால் இன்னும் கவனமாக இருக்கணும். 170 கிலோ வண்டி சாய்ந்தால் தூக்க முடியாதும்மா. நல்ல ஸ்கூட்டர்கள் நிறைய வந்திருக்கின்றன.

ஏற்காடு ரோடு
@பழைய பிஸ்டன் அண்ணா, அவர் 150-ஐப் பல வருஷமாக ஓட்டுகிறார், அதைப் படித்தீர்களா? பெங்களூரு ஐஸ்வர்யா பிஸ்ஸே 2019-இல் எஃப்ஐஎம் பாஹா உலகக் கோப்பை என்ற பைக் பந்தயத் தொடரில் பெண்கள் பிரிவை வென்றார். சாய்ந்த வண்டியைத் தூக்குவது பலத்தை விட முறையைப் பொறுத்தது: ஹேண்டிலைப் பூட்டி, முதுகை வண்டிக்குக் கொடுத்து, காலால் தள்ளணும். அதைச் சொல்லிக்கொடுங்கள், ஸ்கூட்டர் வேண்டாம்.

@மழைமேகம் இப்போதுதான் விஷயம் புரிகிறது. நானும் கிட்டத்தட்ட உங்கள் உயரம்தான். ஆர்சி 390-இன் சீட் 824 மில்லிமீட்டர். ஆர்ஆர் 810, ஆர்3 780. எண்ணை மட்டும் பார்க்காதீர்கள், தொடைக்கு நடுவே சீட் எவ்வளவு அகலம் என்பதும் சேர்ந்துதான் கால் எட்டுவது. இரண்டு காலும் முழுக்க ஊன்றணும் என்று அவசியமில்லை. நிற்கும்போது இடுப்பை ஒரு பக்கம் சற்று நகர்த்தி இடது காலை முழுக்க ஊன்றுங்கள், வலது கால் பின் பிரேக்கில் இருக்கட்டும். மேட்டில் நின்று புறப்பட இதுதான் உதவும்.

வலிக்கு வருகிறேன். ஷோரூம் வண்டியில் லீவர்கள் யாருக்கோ வைத்த கோணத்தில் இருக்கும். கால் எட்டாத பயத்தில் நாம் டேங்கை ஒட்டி முன்னால் போய் உட்கார்ந்துவிடுவோம், உடனே கை நேராகி, மணிக்கட்டு மேல்நோக்கி மடங்கி, பாரம் முழுவதும் உள்ளங்கையில் இறங்கிவிடும். அடுத்த தடவை இப்படிச் செய்து பாருங்கள். டேங்குக்கும் உங்களுக்கும் ஒரு கை அகலம் இடைவெளி விட்டு உட்காருங்கள். முழங்காலால் டேங்கைப் பிடியுங்கள். முழங்கையை மடக்கித் தொங்க விடுங்கள், கோழி இறக்கையை ஆட்டுகிற மாதிரி ஓட்டும்போதே ஆட்ட முடியணும். ஆட்ட முடியவில்லை என்றால் கையில் பாரம் இருக்கிறது. அப்புறம் மெக்கானிக்கிடம் சொல்லி பிரேக், கிளட்ச் லீவரைக் கீழ்நோக்கிக் கொஞ்சம் திருப்பச் சொல்லுங்கள், முன்கையும் விரலும் ஒரே கோட்டில் வரணும். அலன் கீயால் முடிகிற வேலை, காசு கேட்க மாட்டார்கள். ஆர்சியில் ஹேண்டில்பாரையே 10 மில்லிமீட்டர் உயர்த்தலாம், அதையும் கேளுங்கள்.

எனக்கு ஆர்ஆர் 310 வாங்கத் தோன்றியது ஏற்காடு ஏறும்போது. இருபது கொண்டை ஊசி வளைவிலும் முதல், இரண்டாவது கியரில் மெதுவாகத் திரும்பணும், அங்கே ஆர்சியின் 37 நியூட்டன் மீட்டர் எனக்குக் கொஞ்சம் வெடுக்கென்று இருந்தது. அதே ஆர்சி சங்ககிரி தாண்டி லாரியை முந்தும்போது கியரைத் தொடாமலே போகும், அந்தச் சுகம் ஆர்ஆரில் இல்லை, கியரைக் குறைக்கணும். உங்கள் பயணத்தில் எது அதிகம் என்று நீங்கள்தான் பார்க்கணும். பழைய ஆர்ஆர் பார்த்தால் ரேஸ் கிட் போட்ட வண்டியைத் தவிருங்கள், அதில் ஹேண்டில்பார் தாழ்ந்து கால்மிதி உயர்ந்திருக்கும், உங்கள் மணிக்கட்டுக்கு ஆகாது.

ரெட்டை சிலிண்டர்
780 சீட்டும் இரண்டு சிலிண்டரும் இருக்கும்போது ஏன் இத்தனை சுற்று? ஆர்3.

நைட் ஷிப்ட்
ஆர்3 வெளிநாட்டிலிருந்து முழு வண்டியாக இறக்குமதி ஆனது, 2023 டிசம்பரில் வந்தபோது ஷோரூம் விலை 4 லட்சத்து 65 ஆயிரம். அவர் மூன்றரை என்று எழுதியிருக்கிறார்.

கரூர் காத்து
சனிக்கிழமை கெடுவை நம்பாதீர்கள். நிறம் போனால் இன்னொரு நிறம் வரும். ஆர்ஆரையும் ஒரு தடவை ஓட்டிப் பார்க்காமல் முன்பணம் கட்டாதீர்கள். டேங்க் 11 லிட்டர்தான், கோவையில் நிரப்பினால் சேலம் வர ஒன்றும் பிரச்சினை இல்லை.

மழைமேகம்
ஆர்ஆர் ஓட்டிப் பார்த்தேன். லீவரைத் திருப்பச் சொன்னேன், சிரித்துக்கொண்டே செய்து கொடுத்தார்கள். சுண்டுவிரல் மரக்கவில்லை, மணிக்கட்டில் மட்டும் லேசாக இருந்தது. அதையே புக் பண்ணியாச்சு, சிவப்பு. ஏற்காடு அக்காவுக்கு நன்றி.

ஏற்காடு ரோடு
வாழ்த்துகள்! முதல் சர்வீஸ் வரை ஆர்பிஎம்மை ஏற்றி இழுக்காதீர்கள். டைனமிக் கிட் (சஸ்பென்ஷனை மாற்றி அமைக்க வசதி தருவது) எடுத்தீர்களா? எடுத்திருந்தால் சஸ்பென்ஷன் உங்கள் எடைக்குச் செட் பண்ணணும், டெலிவரி அன்றே செய்யச் சொல்லுங்கள்.

ஓசூர் வண்டி
டெலிவரிக்கு முன்னால் செயின் தளர்வையும் டயர் காற்றையும் நீங்களே பாருங்கள். கிட் எடுத்தீர்களா இல்லையா என்று சொன்னால் என் வண்டியில் வைத்திருக்கும் செட்டிங்கை எழுதுகிறேன்.

ரெட்டை சிலிண்டர்
நல்ல வண்டிதான், மறுக்கவில்லை. ஒரு வருஷம் கழித்து ஒரு இரட்டை சிலிண்டரை ஓட்டிப் பார்த்துவிட்டு இங்கே வந்து எழுதுங்கள்.