அப்பாவின் முட்டி வீக்கமும் ஒரு சேற்றுக் கிருமியும்

வரப்புக்காரன்:
அப்பாவுக்கு 58 வயது, சுகர் வந்து 12 வருடம் ஆகிறது. தஞ்சாவூர் பக்கம் கொஞ்சம் நிலம் இருக்கிறது, போன ஐப்பசி மழையில் வடிகால் வெட்டிவிட இரண்டு நாள் வெறுங்காலோடு சேற்றில் நின்றார். பத்து நாள் கழித்து இடது முட்டி வீங்கியது. தேய்மானம்தான் என்று நாங்களே முடிவு கட்டி, அம்மா நொச்சி ஒத்தடம் கொடுக்க, பக்கத்து கிளினிக்கில் ஒரு வலி ஊசி. ராத்திரி குளிர்காய்ச்சல் வந்து காலையில் விட்டுவிடும், மழைக்காலக் காய்ச்சல் என்று நினைத்தோமே தவிர முட்டியோடு சேர்த்துப் பார்க்கவில்லை. ஐந்தாம் நாள் காலை ஊன்றவே முடியவில்லை, சுகர் 410.

பெரிய ஆஸ்பத்திரியில் முட்டியில் ஊசி விட்டு உறிஞ்சினால் வந்தது சீழ். அன்றைக்கே தியேட்டருக்குக் கொண்டுபோய் மூட்டைக் கழுவிவிட்டார்கள். சீழில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் டெஸ்டில் சூடோமோனாஸ் என்ற வேறொரு கிருமி என்று வந்தது, அதற்கு மருந்து ஏற்றியும் காய்ச்சல் இறங்கவில்லை. டியூட்டியில் இருந்த ஒரு சின்ன வயசு டாக்டர்தான் "ஐயா என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டார். வயல், மழை, சுகர் மூன்றையும் கேட்டுவிட்டு லேபுக்கு அவரே போய் மறுபடி பார்க்கச் சொன்னார். மெலியாய்டோசிஸ் என்கிற நோய்! ஈர மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் இருக்கும் கிருமியால் வருவது, கால் வெடிப்பு வழியாகக்கூட உள்ளே போய்விடுமாம், சுகர் உள்ளவர்களைத்தான் அதிகம் பிடிக்குமாம். லேபில் சூடோமோனாஸ் என்று குழம்புவதும், டிபி என்று நினைத்து மாதக்கணக்கில் மாத்திரை கொடுப்பதும் நடக்கிறதாம். 1911-ல் ரங்கூனில் இதை முதலில் கண்டறிந்த இரண்டு பேரில் ஒருவர் கிருஷ்ணசாமி என்ற டாக்டர், நம் பக்கத்து லேபுக்குத்தான் இன்னும் புதுசு.

மெரோபெனம் என்ற ஆன்டிபயாடிக்கை நான்கு வாரம் நரம்பில் ஏற்றினார்கள், அப்புறம் மூன்று மாதம் கோ-ட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை. வலி போய்விட்டதே என்று நடுவில் நிறுத்தினால் திரும்ப வரும் என்று கண்டிப்பாகச் சொன்னார்கள்.

சேலத்து மருமகள்:
என் மாமியார் வயல் பக்கமே போனதில்லை, அவருக்குக் கணுக்கால். சுகரும் இருந்தது, யூரிக் ஆசிட் கொஞ்சம் கூடவும் இருந்ததால் கவுட் (யூரிக் ஆசிட் படிந்து வரும் மூட்டு வீக்கம்) என்று மாத்திரை ஓடியது, காய்ச்சலே இல்லை. சுகர் உள்ளவர்களுக்குச் சில சமயம் காய்ச்சல் தெரியாது என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட நாள் குறித்தாயிற்று. நல்லவேளை, போடுவதற்கு முன் நீரை எடுத்துப் பார்த்தார்கள், ஸ்டெஃபிலோகாக்கஸ் என்ற கிருமி. விரலிடுக்குப் புண்ணிலிருந்து போயிருக்கும் என்றார்கள். உங்கள் அப்பா இப்போது நடக்கிறாரா?

வரப்புக்காரன்:
நடக்கிறார் அக்கா, சம்மணம் போட்டு உட்காரத்தான் முடியவில்லை. கம்பூட் வாங்கிக் கொடுத்தேன், சேறு பிடித்து இழுக்கிறது என்று வரப்பிலேயே கழற்றி வைத்துவிட்டு இறங்குகிறார்.