தாத்தாவின் வேஷப் பெட்டி: கூத்துக் கட்டைகளின் வடிவம் எங்கிருந்து வந்தது?

ஆரணிப் பேரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஆரணிக்கும் போளூருக்கும் இடையில் உள்ள ஒரு கிராமம் எங்களுடையது. வேலை நிமித்தம் நான் வேலூர் சத்துவாச்சாரியில் குடியிருக்கிறேன். என் அம்மாவைப் பெற்ற தாத்தா இளமையில் ஒரு ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், வேஷம் கட்டி, பிற்பாடு அதே ஜமாவுக்கு வாத்தியாராகவும் இருந்தவர். சென்ற மாதம் பழைய வீட்டை இடிப்பதற்கு முன் பரணில் தேடியபோது அவருடைய தகரப் பெட்டி கிடைத்தது. ஒரு கிரீடம், தோளில் கட்டும் மரப் புஜக்கட்டைகள் இரண்டு ஜோடி, ஒரு மார்புப் பதக்கம், காதுக்கட்டைகள், சலங்கை, மஞ்சள் நிறப் பொடி கட்டிய சிறிய துணி முடிச்சு ஆகியவை அதில் இருந்தன. கிரீடத்தைத் தூக்கியபோது அது மரம்தானா என்று ஐயப்படும் அளவுக்குக் கனமின்றி இருந்தது. கண்ணாடிச் சில்லுகளில் பாதி உதிர்ந்துவிட்டன.

எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் அதைப் பார்த்துவிட்டு, "அந்தக் காலத்து ராஜாக்கள் இப்படித்தான் உடுத்தினார்களா?" என்று கேட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு அவளை அழைத்துச் சென்று கல்யாண மண்டபத்துத் தூண்களைக் காட்டினேன். அங்கே குதிரைமீது அமர்ந்திருக்கும் வீரர்களின் உடைக்கும் தாத்தாவின் கட்டைகளுக்கும் பெரிய ஒற்றுமை எதுவும் எனக்குத் தென்படவில்லை. அப்படியானால் இந்த வடிவம் எங்கிருந்து வந்தது? எதைப் பார்த்துச் செய்தார்கள்? உறவினர் ஒருவர் தங்க நிறப் பெயிண்ட் அடித்து வரவேற்பறையில் மாட்டிவிடலாம் என்கிறார். அதற்கு மனம் ஒப்பவில்லை. விவரம் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

செய்யாற்றங்கரை எழுதியது:

தம்பிக்கு வணக்கம். தயவுசெய்து பெயிண்ட் அடித்துவிடாதீர்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

நான் செய்யாறு பக்கத்துக்காரன், முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேஷம் கட்டியவன். உங்கள் தாத்தாவின் கிரீடம் அவ்வளவு லேசாக இருப்பதற்குக் காரணம், அது பெரும்பாலும் கல்யாண முருங்கை மரத்தில் செய்யப்பட்டிருக்கும் என்பதுதான். முள் முருங்கை என்றும் அதைச் சொல்வார்கள். காய்ந்தபின் எடையே இராது; உளிக்கும் எளிதில் இணங்கும். இரவு பத்து மணிக்குக் கட்டிய கட்டைகளை விடிந்த பிறகுதான் அவிழ்க்கிறோம். அத்தனை நேரமும் பாட வேண்டும், அடவு பிடிக்க வேண்டும், களரி எனும் ஆடுகளத்தைச் சுற்றிச் சுழன்று ஆட வேண்டும் என்றால், தேக்கிலோ பலாவிலோ செய்த கிரீடத்தைக் கழுத்து தாங்காது. இந்தக் கட்டைகளை வைத்தே கட்டைக்கூத்து என்ற பெயரும் வழங்குகிறது. 1990இல் காஞ்சிபுரத்தில் தொடங்கப்பட்ட கலைஞர் சங்கம் அந்தப் பெயரையே தனக்குச் சூட்டிக்கொண்டது.

கண்ணாடிச் சில்லுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவற்றை டியூப் லைட் வெளிச்சத்தில் பார்த்தால் பகட்டாகத் தோன்றும். அவை அந்த வெளிச்சத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல. பெட்ரோமாக்ஸ் விளக்கு வருவதற்கு முந்தைய காலத்தில், எண்ணெய் ஊற்றி எரித்த தீவட்டிகளின் ஒளியில்தான் கூத்து நடந்தது. தீச்சுடர் ஒரு நொடிகூட நிலைத்து நிற்காது. ஆடுகின்ற அந்தச் சுடர், ஆடுகின்ற உடம்பின்மேல் பதித்த நூறு கண்ணாடிகளில் பட்டுத் தெறிக்கும்போது, வயல்வரப்பு ஓரத்தில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் கடைசி வரிசைக்காரருக்கும் வேஷம் உயிரோடு தெரியும். நமக்கு உயர்ந்த மேடை கிடையாது. சனங்கள் மூன்று பக்கமும் தரையில் அமர்ந்திருப்பார்கள். அதனால்தான் புஜக்கட்டை தோளை அகலப்படுத்துகிறது, கிரீடம் உயரத்தைக் கூட்டுகிறது, உள்ளே துணிகளைச் சுற்றி விரித்துக் கட்டிய பாவாடை இடுப்புக்குக் கீழே உடம்பைப் பெரிதாக்குகிறது. சாதாரண ஆள் ஒருவன் தன்னைப்போல் ஒன்றரை ஆளாகிவிடுவான்.

வேஷக்காரன் முதலில் வரும் விதத்தையும் உங்கள் மகளுக்குச் சொல்லுங்கள். இரண்டு பேர் திரையைப் பிடித்திருக்க, அதன் பின்னால் நின்று அவன் பாடுவான். திரைக்கு மேலே கிரீடத்தின் உச்சி மட்டும் தெரியும், கீழே சலங்கைக் கால்கள் தெரியும், முகம் தெரியாது. வருவது துரியோதனனா கர்ணனா என்று சனங்கள் பேசிக்கொள்ளும் அந்த நேரத்துக்காகவே உச்சிப் பகுதியில் கூடுதல் வேலைப்பாடு செய்வார்கள் என்று என் வாத்தியார் சொல்லியிருக்கிறார்.

எல்லாருக்கும் கட்டை கிடையாது. வேடிக்கை பேசிக் கதையை நடத்திச் செல்லும் கட்டியக்காரனுக்குக் கிடையாது; பெண் வேஷத்துக்குக் கிடையாது. அர்ச்சுனன் தபசு கூத்தில், தவம் செய்வதற்காக நட்டு வைத்த உயரமான தபசு மரத்தில் ஏற வேண்டும் என்பதால் எங்கள் ஜமாவில் கட்டைகளைக் களைந்துவிட்டுத் தவக்கோலத்தில்தான் ஏறுவார்கள். திரௌபதிக்கோ விரித்த கூந்தலே வேஷத்தின் பாதி. துகிலுரிதல் அன்று அவிழ்ந்த கூந்தல், படுகளத்தில் துரியோதனன் வீழ்ந்த பிறகுதான் முடியப்படும். அந்தக் கூந்தலுக்காகவே கண் விழித்துக் காத்திருக்கும் பெண்களை நான் பார்த்திருக்கிறேன்.

கோட்டைவாசல் எழுதியது:

ஐயா சொன்னவற்றோடு என் பங்குக்குச் சிலவற்றைச் சேர்க்கிறேன். நான் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவள். நாடக வரலாற்றில் ஈடுபாடு உண்டு.

உங்கள் மகளின் கேள்விக்கு நேரான பதில், இல்லை என்பதே. விசயநகரக் காலத்து அரசர்கள் அவையில் பொன் கிரீடம் சூடி அமர்ந்திருந்தார்கள் என்று நாம் நினைப்பதற்கு நாடகமும் திரைப்படமும்தான் பெரிதும் காரணம். திருமலைக் கோயிலில் தம் தேவியர் இருவருடன் கைகூப்பி நிற்கும் கிருஷ்ணதேவராயரின் உலோகச் சிலையைப் பாருங்கள். அவர் தலையில் இருப்பது கிரீடம் அன்று, குல்லாய் எனப்படும் நீண்ட கூம்புத் தொப்பி. கூத்தின் கிரீடமோ கோயிலில் திருமாலுக்கு உரிய கிரீட மகுடத்தின் சாயலைக் கொண்டது. ஆகவே ஜலகண்டேஸ்வரர் கோயில் தூண்களில் குதிரை வீரர்களைத் தேடாமல், தெய்வ வடிவங்களின் தலையணியையும் தோளணியையும் கவனித்தால் ஒற்றுமை புலப்படும் என்று நினைக்கிறேன். பாரதக் கூத்து திரௌபதி அம்மன் திருவிழாவின் ஓர் அங்கம். அதில் வருகிறவர்கள் சனங்களின் பார்வையில் பாதி தெய்வங்கள். அவர்களுக்குத் தெய்வத்தின் அணிகலன்கள் பொருந்தும்தானே. கதகளியிலும் யட்சகானத்திலும் இதேபோல் மரத்தாலான கிரீடமும் தோளணியும் இருப்பதைப் பார்த்தால், தென்னாட்டுக் கூத்து மரபுகள் பலவற்றுக்கும் இது பொதுவான சொத்து என்பது விளங்கும்.

ஒரு காலத்து மனிதர்கள் உடுத்தியதையே மேடையிலும் உடுத்த வேண்டும் என்ற எண்ணம் உலகெங்குமே மிகப் பிற்பட்டது. இங்கிலாந்தில் ஷேக்ஸ்பியரின் அரச நாடகங்களை நெடுங்காலம் பெரும்பாலும் தத்தம் காலத்து உடையிலேயே நடித்தார்கள். 1823இல் லண்டன் கோவென்ட் கார்டன் அரங்கில் ஜான் மன்னன் நாடகத்துக்குப் பிளாஞ்சே என்பவர் பழைய கல்லறைச் சிற்பங்களையும் சுவடி ஓவியங்களையும் ஆராய்ந்து உடை அமைத்துக் கொடுத்தது பெரிய புதுமையாகப் பேசப்பட்டது. பிரான்சில் தால்மா என்ற நடிகர் வெறும் கைகால்களோடு உரோமானிய மேலாடை போர்த்தி மேடையேறியபோது சக நடிகர்களே திகைத்துப் போனார்களாம்.

நம் பக்கம் மாற்றம் வேறு வழியாக வந்தது. 1891இல் பெல்லாரியிலிருந்து கிருஷ்ணமாச்சார்லுவின் நாடகக் குழு சென்னைக்கு வந்து நடித்ததைக் கண்டு உந்தப்பட்ட பம்மல் சம்பந்த முதலியார், அதே ஆண்டில் சுகுண விலாச சபை என்ற நாடகச் சபையைத் தொடங்கினார். பார்சி நாடகக் குழுக்களின் திரைச்சீலைகளும் வெல்வெட் அங்கிகளும் ஜரிகை வேலையும் கம்பெனி நாடகங்களுக்குப் பரவிய காலம் அது. 1894இல் பம்பாயில் ஓவியர் ரவிவர்மா தம் அச்சகத்தை நிறுவியபின், அவருடைய படங்கள் சாமானியர் வீடுகளுக்கும் வந்து சேர்ந்தன. சரசுவதி என்றால் இந்தப் புடவை, தமயந்தி என்றால் இந்தக் கொண்டை என்று ஒரு தலைமுறையின் கண் அவற்றுக்குப் பழகிவிட்டது. மேடையும் அந்தக் கண்ணுக்கு ஏற்ப உடுத்தத் தொடங்கியது. காலண்டர் ஓவியங்களால் புகழ்பெற்ற கொண்டையராஜு முன்பு நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைந்தவர் என்பதை இங்கே நினைத்துப் பார்க்கலாம். படத்திலிருந்து மேடைக்கும் மேடையிலிருந்து படத்துக்கும் உருவங்கள் போய்வந்துகொண்டே இருந்தன.

இவ்வளவுக்கும் நடுவில் வட ஆர்க்காட்டுக் கிராமங்களில் கட்டை நிலைத்து நின்றது என்பதே எனக்கு வியப்பாக இருக்கிறது. வெல்வெட் சட்டையும் ஜிகினாவும் கூத்திலும் நுழைந்துவிட்டன. ஆனால் அவற்றுக்கு மேலே புஜக்கட்டையும் கிரீடமும் தம் இடத்தை விட்டுக் கொடுக்கவில்லை.

காட்பாடி மருந்தாளுநர் எழுதியது:

பெட்டியில் உள்ள மஞ்சள் பொடியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அது பெரும்பாலும் அரிதாரமாக இருக்கலாம். அரிதாரம் என்பது ஆர்செனிக்கும் கந்தகமும் சேர்ந்த கனிமம். சிவப்புக்குப் பயன்பட்ட சாதிலிங்கமோ பாதரசமும் கந்தகமும் சேர்ந்தது. இரண்டும் நச்சுத்தன்மை உடையவை. துணி முடிச்சை அவிழ்க்காமல், கையுறை அணிந்து ஒரு கண்ணாடிப் புட்டியில் போட்டு இறுக மூடி, பெயர் எழுதிப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். முகர்ந்து பார்க்கவோ முகத்தில் பூசிப் பார்க்கவோ கூடாது. பெட்டிக்குள் சிந்தியிருந்தால் பெருக்காமல் ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். கட்டைகளின்மேல் மட்டும் ஈரம் பட வேண்டாம். உலர்ந்த மெல்லிய தூரிகை போதும்.

ஆரணிப் பேரன் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பொடி முடிச்சை என் மகள் ஏற்கெனவே கையில் எடுத்துவிட்டாள். உடனே கை கழுவச் செய்து, மருந்தாளுநர் கூறியபடி மூடி வைத்துவிட்டேன். பெயிண்ட் யோசனையையும் கைவிட்டாயிற்று. நேற்று இரவு வீட்டு விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டு, ஓர் அகல்விளக்கை ஏற்றி அதன்முன் கிரீடத்தைப் பிடித்து மெல்ல அசைத்தோம். எஞ்சியிருக்கும் சில்லுகளின் ஒளி சுவர் முழுதும் ஓடியதைப் பார்த்து, அதுவரை ஏதேதோ பேசிக்கொண்டிருந்த என் அம்மா அழுதுவிட்டார். அவர் சிறுமியாக இருந்தபோது தாத்தாவின் கர்ண மோட்சத்தைப் பார்த்தவர்.

மகள் பள்ளி ஆண்டுவிழாவில் கர்ணனாக வேஷம் கட்ட விரும்புகிறாள். பெண்பிள்ளை கட்டை கட்டலாமா என்று வீட்டில் ஒரு தயக்கம் இருக்கிறது. ஐயா என்ன நினைக்கிறீர்கள்?

செய்யாற்றங்கரை எழுதியது:

தாராளமாகக் கட்டலாம் தம்பி. காஞ்சிபுரம் சங்கத்தார் நடத்திய குருகுலத்தில் பெண்பிள்ளைகள் முறையாகக் கற்று, கட்டை வேஷம் கட்டி விடிய விடிய ஆடியிருக்கிறார்கள். ஆண்கள் திரௌபதியாக நின்றதை ஏற்றுக்கொண்ட நமக்கு, ஒரு பெண் கர்ணனாக நிற்பது ஒவ்வாததாக இருக்க வேண்டியதில்லை.

ஆனால் தாத்தாவின் கட்டையைக் குழந்தைக்குக் கட்ட வேண்டாம். பழைய மரத்தில் பூச்சி துளைத்திருந்தால் கயிறு இழுக்கும் இடத்தில் பிளந்துவிடும். அதன் அளவுகளைக் காகிதத்தில் வரைந்துகொண்டு, தடித்த அட்டையில் அவளுடைய தோளுக்கும் தலைக்கும் ஏற்றபடி செய்யுங்கள். கண்ணாடிச் சில்லுகளின் ஓரத்தை நன்றாகத் தேய்த்துவிட்டு ஒட்டுங்கள். கிரீடத்துக்கு அடியில் தலையைச் சுற்றி ஒரு துணியை இறுகக் கட்டி, அதன்மேல் கிரீடத்தை வைத்து முடிய வேண்டும். அந்தத் துணி சரியாக அமையாவிட்டால் முதல் சுற்றிலேயே கிரீடம் சாய்ந்துவிடும். கட்டும் முறையைக் காட்ட ஆள் வேண்டுமானால் எழுதுங்கள். ஆடி மாதத்துக்குள் என்றால் நானே வேலூர் வந்து கட்டிவிட்டுப் போகிறேன்.